மாதிரி எண் நான்கு

டிசம்பர் இருபத்துநாலு, ராத்திரி.
மஹ்பூலா, மூன்றாவது மாடி,
ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டிய அறை.
டிவியில் சத்தம் கூட்டி, பேச்சில் குறைத்து.
வாசலில் கிடந்த செருப்பையெல்லாம்
அள்ளி உள்ளே போட்டான் எபனேசர்.
பதினோரு ஜோடி வெளியே கிடந்தால்
ஹாரிஸுக்குக் கணக்கு வந்துவிடும்.

ஐந்து பேர் சீட்டுக் குலுக்கியது நவம்பரில்.
யாருடையது யாருக்கு என்று தெரியாமல்
ஆளுக்கொரு ஊறல்.
இதோ மேஜைமேல் ஐந்து பொட்டலம்:
மினுங்கும் காகிதம், தங்க நாடா,
உள்ளே விம்டோ பாட்டில், லபன் கேன்,
எது கிடைத்ததோ அது.

நடுவர் நான்.
கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
பதினாலு வருடமாக ஆய்வுக்கூடம்.
ஒரு மிடறில் உப்பு எத்தனை என்று சொல்லிவிடுவேன்
என்று எபனேசர் ஊரெல்லாம் அளந்து வைத்திருக்கிறான்.
பொய்தான். நான் மறுத்ததில்லை.
பழைய அறிக்கைத் தாளைத் திருப்பிப் போட்டு
பேனாவைத் திறந்தேன்.

மாதிரி ஒன்று.
நிறம்: துருக் குழாயின் முதல் தண்ணீர்.
நுரை: வந்தது, வணக்கம் சொன்னது, போனது.
நாக்கில் பேரீச்சை. அதன் பின்னால்
வெகுநாள் பூட்டிவைத்த அலமாரி.
செய்தவர் சர்க்கரையை நம்பியிருக்கிறார்,
நாட்களை நம்பவில்லை.

மாதிரி இரண்டு
திறந்ததும் ஏசி வரை பீய்ச்சியது.
வில்பிரட் தாவி வாயால் பிடித்தான்.
எனக்கு மிஞ்சியது இரண்டு கரண்டி.
புளித்த தோசைமாவில் இஞ்சி.
மோசமில்லை, சட்னி கேட்கிறது.

மாதிரி மூன்று.
கசப்புக்கு வெந்தயம்!
இதைச் செய்தவர்மேல் வழக்குப் போடலாம் என்றேன்.
"சுகருக்கு நல்லதுண்ணே" என்று
தானே வந்து மாட்டிக்கொண்டான் செந்தட்டி.

ஐந்தை முதலில் முடித்துவிடுகிறேன்.
கண்ணை மூடிக் குடித்தேன்,
மூடியபடியே கீழே வைத்தேன்.
ஈஸ்ட் இன்னும் உறங்கவில்லை.
வயிற்றில் பொதுக்குழு கூட்டியது.

இனி நான்கு.
பொன். தெளிவு.
பாட்டிலில் ஏதோ பிசுபிசுப்பு,
நாடாவின் கோந்து என்று நினைத்துக்கொண்டேன்.
குமிழ்கள் முண்டாமல் தள்ளாமல்
வரிசையில் ஏறின.
வாற்கோதுமை முன்னே வந்து பேசியது,
கசப்பு கதவோரம் கைகட்டி நின்றது.
எழுதினேன்: "சமன். அடக்கம்.
கைதேர்ந்தவர் வேலை. பத்துக்கு ஒன்பதரை."
அடிக்கோடு வேறு.

அதன் பிறகுதான் அறைக்குச் சூடு பிடித்தது.
நாலாம் பாட்டில் சுற்றி வர வர
எபனேசர் ஃபோர்மேன் நடையை நடந்து காட்டினான்.
மூன்று வருடமாக முகம் பாராத
வில்பிரட்டும் செந்தட்டியும்
ஒரே தட்டில் மீன் பிய்த்தார்கள்.
நானும், சொல்ல வெட்கம்தான்,
கீர்த்தனை ஒன்றை இரண்டாம் குரலில் பாடினேன்.

பரிசு, ஆளுக்கொரு தினார் போட்டு வாங்கிய மிக்ஸி.
"நாலு யாருதுப்பா?"

அமல்தாஸ் எழுந்திருக்கவில்லை.
வந்து எட்டு மாதம். ஏஜென்ட் கடன் பாதிகூடத் தீரவில்லை.
"பயமாயிருந்துச்சுண்ணே.
பிடிச்சா பிங்கர் வச்சு ஊருக்கு அனுப்பிருவாங்களாம்.
பக்காலால மால்ட் வாங்கி
லேபிளைச் சுரண்டிட்டேன்.
முன்னூறு ஃபில்ஸ்."

ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
செந்தட்டி தன் கையிலிருந்த மீனைப் பார்த்தான்,
பிறகு வில்பிரட்டை.
மீனைக் கீழே வைக்கவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி:
மையில் எழுதியதை அழிக்கக் கூடாது.
தப்பென்றால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து.
கோடு போடப் பேனாவை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.
போதைப்பொருள் அளவு என்ற கட்டம் காலியாயிருந்தது.
அதில் மட்டும் நிரப்பினேன்:
"கண்டறிய இயலவில்லை."

மிக்ஸியைத் தோளில் ஏற்றி அனுப்பிவைத்தோம்.
தன் பாட்டிலைத் தவிர
வேறெதையும் அவன் தொட்டிருக்கவில்லை.
படியில் ஹாரிஸ் மறித்து
என்ன சத்தம் மேலே என்று கேட்டாராம்.
எங்களில் அவன் ஒருவன்தான்
கிட்டப் போய், வாயை நன்றாகத் திறந்து
பதில் சொல்ல முடிந்தவன்.